கோயில் கதவுக்கு அரசு மானியம் - ஓர் அமெரிக்கக் கதை



பொது நிதியியல் பாடத்தில் மானியம் என்றொரு அத்தியாயம் வரும். உர மானியம், ஏற்றுமதி மானியம், மத்திய அரசு மாநிலங்களுக்குத் தரும் மானியம் என்று பத்து மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பட்டியலில் எங்கும் வராத ஒரு மானியத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அமெரிக்காவில் தேவாலயம், யூத ஜெபாலயம், மசூதி, குருத்வாரா, கோயில், மதம் சாராத தொண்டு நிறுவனம் இவற்றுக்கெல்லாம் கேமராவும் கம்பிக் கதவும் வாங்க மத்திய அரசே பணம் தருகிறது. 2005-ல் தொடங்கிய திட்டம். பெயர், இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான பாதுகாப்பு மானியத் திட்டம்.

இதில் என்ன சுவாரஸ்யம் என்று கேட்பீர்கள். எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்தத் திட்டத்தில் "எவ்வளவு" என்பதைவிட "எப்போது" என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது. அதற்கு ஓர் உதாரணம் சொல்லிவிட்டுப் பின்னோக்கிப் போகிறேன்.

கலிஃபோர்னியாவில் சான் டியேகோ நகரத்துக்குப் பக்கத்தில் பவ்வே என்று ஓர் ஊர். அங்குள்ள ஹபாத் யூத ஜெபாலயம், வெளி வாசலுக்கு கேட்டும் உறுதியான கதவுகளும் போட இந்த மானியத்துக்கு விண்ணப்பித்தது. கேட்ட தொகை 1.5 லட்சம் டாலர். 2018 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. பணம் கைக்கு வந்தது 2019 மார்ச் மாதக் கடைசியில். 2019 ஏப்ரல் 27, பாஸ்கா பண்டிகையின் கடைசி நாள். துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே வந்தான். ஒரு பெண்மணி இறந்துபோனார். ரபி உட்பட மூன்று பேர் காயமடைந்தார்கள். ரபிக்கு விரல் போயிற்று. மானியப் பணத்தில் வேலையைத் தொடங்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்று ஜெபாலயத்தின் தரப்பில் சொன்னார்கள். விண்ணப்பம் சரி, ஒப்புதல் சரி, தொகை சரி. தேதிதான் சரியில்லை.

இப்போது பழைய கதைக்குப் போவோம்.

அமெரிக்காவில் வழிபாட்டு இடங்களின் மீது தாக்குதல் புதிதல்ல. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் 16-வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அரசாங்கம் தேவாலயங்களுக்குக் கதவு வாங்கிக் கொடுக்கவில்லை. குற்றம் நடந்தால் விசாரிப்பதும் வழக்குப் போடுவதும்தான் அரசின் வேலை என்ற நிலை. (அந்த விசாரணையே ஒழுங்காக நடக்கவில்லை. முதல் தண்டனை 1977-ல்தான் வந்தது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

1990-களின் நடுவில் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரின் தேவாலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. 1996 ஜூலையில் அதிபர் கிளிண்டன் தேவாலயத் தீவைப்புத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் நம்மைப் போன்ற காமர்ஸ்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. எரிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்ட வங்கியில் கடன் வாங்கினால் அதற்கு அரசு ஜாமீன் நிற்கும். உச்சவரம்பு 1 கோடி டாலர். கவனியுங்கள், பணம் தரவில்லை, ஜாமீன்தான். நாம் பேலன்ஸ் ஷீட்டின் அடிக்குறிப்பில் கண்டிஞ்சண்ட் லயபிலிட்டி என்று எழுதுவோமே, அந்த ரகம். அதுவும் எரிந்த பிறகு கட்டுவதற்கு. எரியாமல் காப்பதற்கு அல்ல.

1999 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு யூத சமூக மையத்தில் ஒருவன் சுட்டதில் ஐந்து பேர் காயமடைந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. பிறகு 2001 செப்டம்பர் 11. நாடே தலைகீழானது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை என்று புதிதாக ஒரு துறையே 2002-ல் சட்டமாகி உருவானது. விமான நிலையம், துறைமுகம், ரயில் எல்லாவற்றுக்கும் பணம் கொட்டப்பட்டது. அப்போதுதான் யூத அமைப்புகள் ஒரு கேள்வியை வைத்தன: "தாக்குதல் இலக்குகளில் நாங்களும் இருக்கிறோம் என்று நீங்களே சொல்கிறீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஜெபாலயத்துக்கும் யார் செலவு செய்வது?"

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்வது சுலபமாக இல்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், அரசு எந்த மதத்தையும் நிறுவக்கூடாது என்கிறது. இதன் வேர் பழையது. 1785-ல் வர்ஜீனியாவில் மதபோதகர்களின் சம்பளத்துக்காக ஒரு வரி போடலாம் என்று பேட்ரிக் ஹென்றி கிளம்பியபோது, ஜேம்ஸ் மேடிசன் அதை எதிர்த்து எழுதித் தோற்கடித்தார். மூன்று பென்னி கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடிகிற அரசு நாளை எதையும் கட்டாயப்படுத்தும் என்பது அவர் வாதம். அப்படிப்பட்ட நாட்டில், மக்கள் வரிப்பணத்தில் ஜெபாலயத்துக்குக் கதவு போட்டால் சும்மா இருப்பார்களா?

இதற்கு வழிவிட்டது, யாரும் எதிர்பார்க்காத ஒரு பஸ் கட்டண வழக்கு. 1947, எவர்சன் வழக்கு. நியூ ஜெர்சியில் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தைப் பெற்றோருக்கு அரசு திருப்பித் தரலாமா என்பதுதான் பிரச்சினை. அரசுக்கும் மதத்துக்கும் நடுவே சுவர் இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லிவிட்டு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பஸ் கட்டணம் தரலாம் என்றது. நீதிபதி பிளாக் சொன்ன காரணத்தின் சாரம் இது: போலீஸ் காவல், தீயணைப்பு, சாக்கடை, சாலை போன்ற பொதுவான சேவைகளை மத நிறுவனத்துக்கு மட்டும் மறுப்பது அரசியல் சட்டத்தின் நோக்கமல்ல. தேவாலயம் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி போகத்தானே வேண்டும்? அப்படியென்றால் தீப்பிடிக்காமல் இருக்க ஒரு கதவு? அந்தக் கோட்டின் நீட்சியாகத்தான் இந்த மானியத்தை ஆதரித்தவர்கள் வாதாடினார்கள். பாதுகாப்பு என்பது வழிபாடு அல்ல என்பது வாதம். எதிர்ப்பாளர்கள், போலீஸ் ஊருக்கெல்லாம் பொது, ஆனால் கதவு அந்தக் கட்டடத்துக்கு மட்டும்தானே என்றார்கள். எனக்கு இந்த எதிர்வாதத்தில் சாரம் இருப்பதாகவே படுகிறது. ஆனாலும், போலீஸ்காரரை எல்லா வாசலிலும் நிறுத்த முடியாத அரசு ஒரு பூட்டையாவது வாங்கித் தருவதில் தப்பென்ன என்றும் தோன்றுகிறது. (2017-ல் டிரினிட்டி லூத்தரன் வழக்கில், ஒரு தேவாலயப் பள்ளியின் விளையாட்டு மைதானத்துக்கு ரப்பர் தரை போடும் மானியத்தை மதத்தைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு இந்த விவாதத்தின் சூடு நிறையவே தணிந்துவிட்டது.)

மேரிலாந்து செனட்டர் பார்பரா மிக்குல்ஸ்கி போன்றவர்களின் முயற்சியில் 2005 நிதியாண்டுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. தனிச் சட்டமெல்லாம் கிடையாது. வருடாந்திர நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு வரி, அவ்வளவுதான். அடுத்த வருடம் அந்த வரி இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. 2006 ஜூலையில் சியாட்டில் நகர யூத சம்மேளன அலுவலகத்தில் ஒருவன் நுழைந்து சுட்டான். ஒருவர் இறந்தார், ஐந்து பேர் காயமடைந்தார்கள். 2008-ல் ஒதுக்கீடு 1.5 கோடி. 2012-ல் அதுவும் குறைந்து 1 கோடி. அமெரிக்க பட்ஜெட்டில் 1 கோடி டாலர் என்பது டீ செலவு மாதிரி.

தொகை மட்டும் சிறியதல்ல, வாசலும் சிறியது. பயங்கரவாத ஆபத்து அதிகம் என்று அரசு பட்டியலிட்ட பெருநகரப் பகுதிகளில் உள்ள அமைப்புகள்தான் விண்ணப்பிக்கலாம். அந்தப் பட்டியலும் 2011-ல் 64 நகரப் பகுதிகளிலிருந்து 31 ஆகச் சுருங்கியது. அந்த வருடங்களில் பணத்தின் மிகப் பெரும் பகுதி யூத அமைப்புகளுக்கே போனது. இதை வைத்துச் சிலர் சாடினார்கள். ஆனால் காரணம் அத்தனை மர்மமானதல்ல. கேட்டது அவர்கள், பெருநகரங்களில் இருந்தது அவர்கள், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஆட்களை வைத்திருந்ததும் அவர்கள். ஆபத்தும் அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது.

ஆனால் ஆபத்து பெருநகரப் பட்டியலைப் பார்த்து வருவதில்லையே. 2012 ஆகஸ்ட் 5, ஞாயிறு. விஸ்கான்சின் மாநிலத்தின் ஓக் கிரீக் குருத்வாராவில் காலை வழிபாட்டுக்கும் லங்கருக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். காயமடைந்து படுக்கையிலேயே கிடந்த ஏழாமவர் 2020-ல் இறந்தார். குருத்வாராத் தலைவர் சத்வந்த் சிங் காலேகா, கையில் கிடைத்த சிறு கத்தியோடு அவனை எதிர்த்துப் போராடி உயிர்விட்டார். 2014 ஏப்ரலில் கன்சாஸ் மாநிலத்தில் யூத மையங்களைக் குறிவைத்து ஒருவன் மூன்று பேரைக் கொன்றான். மூவரில் ஒருவர்கூட யூதர் இல்லை. 2015 ஜூன் 17, சார்ல்ஸ்டன் நகரின் இம்மானுவேல் தேவாலயம். கறுப்பினத்தவரின் சபை. பைபிள் வகுப்புக்கு வந்த அந்நிய இளைஞனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்திருந்தவன் எழுந்து ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். இத்தனைக்கும் பிறகு 2015-ல் ஒதுக்கீடு 1.3 கோடி, 2016-ல் 2 கோடி. அவ்வளவுதான் நகர்ந்தது.

2017-ன் தொடக்கத்தில் யூத சமூக மையங்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும் ஆசிரியைகளின் படங்கள் டிவியில் வந்தன. (கடைசியில் பெரும்பாலான மிரட்டல்களை விடுத்தவன் இஸ்ரேலில் இருந்த ஒரு யூதச் சிறுவன் என்று தெரிந்தது! நிஜம் சில சமயம் சினிமாவை மிஞ்சிவிடுகிறது.) 2018 மார்ச்சில் ஒதுக்கீடு ஒரே தாவலில் 6 கோடி டாலர் ஆனது. அதில் 1 கோடி, முதல் முறையாக, பட்டியலுக்கு வெளியே இருக்கும் ஊர்களுக்கு. ஓக் கிரீக் நடந்து ஐந்தரை வருடங்கள் கழித்து.

அதே வருடம் அக்டோபர் 27, பிட்ஸ்பர்க். ட்ரீ ஆஃப் லைஃப் ஜெபாலயத்தில் 11 பேர் கொல்லப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் யூதர்கள் மீது நடந்த மிகக் கொடிய தாக்குதல் அது. அதில் ஒரு சின்னத் தகவல் என்னை நிறையவே யோசிக்க வைத்தது. ஓய்வுநாளில் செல்போன் வைத்திருப்பது மரபுக்கு மாறானது. ஆனாலும் உள்ளூர் யூத சம்மேளனத்தின் பாதுகாப்பு அதிகாரி வற்புறுத்தியதால் ரபி ஜெஃப்ரி மையர்ஸ் அன்று போனைக் கையில் வைத்திருந்தார். அந்த போனில்தான் போலீசை அழைத்தார். கேமராவோ கண்ணாடியோ அல்ல, ஒரு மனிதர் வந்து சொல்லிக் கொடுத்த பாடம். 2022 ஜனவரியில் டெக்சாஸின் காலிவில் ஊரிலும் இதே கதை. குளிரில் கதவைத் தட்டியவனை ரபி சார்லி சைட்ரன்-வாக்கர் உள்ளே விட்டு டீ போட்டுக் கொடுத்தார். அவன் துப்பாக்கியை எடுத்தான். பதினோரு மணி நேரப் பணயக்கைதி நாடகம். கடைசியில் ரபி ஒரு நாற்காலியை அவன்மேல் வீசிவிட்டு மற்ற இருவரோடு வெளியே ஓடினார். முன்பு எடுத்த பாதுகாப்புப் பயிற்சிதான் காப்பாற்றியது என்றார். டீ கொடுத்ததற்காக அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. வந்தவருக்குக் கதவைத் திறப்பதுதானே அந்த இடத்தின் வேலையே. இந்த மானியத்தில் பயிற்சிக்கும் செலவழிக்க அனுமதி உண்டு என்பது நல்ல விஷயம்.

இனி கணக்குப் பக்கம். இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

பணம் நேராக ஜெபாலயத்துக்குப் போகாது. மத்தியில் ஃபீமா என்ற பேரிடர் மேலாண்மை முகமை, அதற்குக் கீழே ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு நிர்வாக முகமை, அதற்குக் கீழேதான் அமைப்பு. முதலில் உங்கள் கட்டடத்தின் பலவீனங்களை ஆராய்ந்த மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். பிறகு என்ன ஆபத்து, என்ன வாங்கப் போகிறீர்கள், ஏன் என்று ஒரு நியாயப்படுத்தும் படிவம். மாநிலம் மதிப்பெண் போட்டு மத்திக்கு அனுப்பும். மாநிலம் தன் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். ஒப்புதல் வந்ததும் கடைக்கு ஓட முடியாது. சுவரில் துளை போட்டு கேமரா மாட்டுவதற்கும் சுற்றுச்சூழல், பழங்காலக் கட்டடப் பாதுகாப்பு ஆய்வு முடிந்திருக்க வேண்டும். நூறு வருடத் தேவாலயத்தில் ஒரு ஸ்க்ரூ அடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதையெல்லாம் தாண்டினாலும் பொதுவான முறை ரீஇம்பர்ஸ்மெண்ட். அதாவது முதலில் நீங்கள் உங்கள் கைக்காசைப் போட்டு வாங்குங்கள், பில் கொடுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம். நம் ஊரில் கல்லூரிக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு உதவித்தொகை வருமா வருமா என்று வங்கிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் இது விளங்கும். 1 லட்சம் டாலர் மானியம் கிடைத்திருக்கிறது என்றால் 1 லட்சம் டாலர் நடைமுறை மூலதனம் கையில் இருக்கவேண்டும் என்று அர்த்தம். உண்டியல் காசில் ஓடுகிற கிராமத்துச் சபைக்கும் வாடகைக் கட்டடத்தில் நடக்கிற சின்ன மசூதிக்கும் அது எங்கே இருக்கும்? இது மானியம் என்ற பெயரில், காசு இருப்பவனுக்குக் காசு திருப்பித் தரும் ஏற்பாடாகப் பாதி மாறிவிடுகிறது.

அரசின் தரப்பையும் சொல்ல வேண்டும். முன்பணம் கொடுத்தால் கணக்கு வராது என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. பவ்வேயில் விரலை இழந்த ரபி, பின்னால் 2020-ல், நன்கொடை ரசீதுகளை வைத்து நடத்திய வரி மோசடிக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த மோசடிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. அவர் பட்ட காயமும் பொய்யில்லை. ஆனால் ஆடிட்டர்கள் ஏன் பில் கேட்கிறார்கள் என்பதற்கு இப்படிப்பட்ட கதைகள்தான் காரணம்.

வேறு வழியே இல்லையா? பிரிட்டனைப் பாருங்கள். அங்கே யூத அமைப்புகளுக்கான மானியம் 2015-லிருந்தும், மற்ற மதங்களின் வழிபாட்டு இடங்களுக்கான திட்டம் 2016-லிருந்தும் இருக்கின்றன. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15-ல் இரண்டு மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டதும், சில நாட்களிலேயே பிரிட்டிஷ் அரசு அடுத்த ஆண்டுக்கான தொகையை இரட்டிப்பாக்கி 16 லட்சம் பவுண்ட் என்றது. (இதுவும் ரத்தம் பார்த்த பிறகுதான்.) பிற்பாடு அங்கே, அரசு அமர்த்திய நிறுவனமே நேரில் வந்து கேமராவையும் வேலியையும் பொருத்திக் கொடுக்கும் முறை வந்தது. சபைக்காரர் கைக்காசைப் போட வேண்டாம், பில்லோடு அலைய வேண்டாம். தொகையில் அமெரிக்காவை எட்டாது. ஆனால் சின்ன மசூதிக்கு எது உதவும் என்று கேட்டால், இதுதான் என்பேன்.

பிட்ஸ்பர்க், பவ்வே இரண்டும் அடுத்தடுத்து நடந்ததில் அமெரிக்காவில் எண்கள் ஓடத் தொடங்கின. 2020 ஜனவரியில் திட்டத்துக்கு ஒரு வழியாகத் தனிச் சட்டம் கிடைத்தது. பதினைந்து வருடம் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்ததற்கு அப்போதுதான் ஒரு முகவரி. 2020-ல் ஒதுக்கீடு 9 கோடி. 2021-ல் 18 கோடி. 2022-ல் 25 கோடி. 2023-ல் 30.5 கோடி. 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு யூத, முஸ்லிம் இரு தரப்பிலும் பயம் கூடியது. 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் கூடுதலாக 40 கோடி டாலர் தந்தது. அந்த வருடம் 7,500-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. கேட்ட மொத்தத் தொகை ஏறக்குறைய 97 கோடி டாலர். பாதிக்கும் குறைவானவர்களுக்கே கிடைத்தது. தேவை உள்ளவர்கள் பட்டியலும் நீண்டது. 2024 செப்டம்பரில் நியூயார்க்கின் மெல்வில்லிலும் கலிஃபோர்னியாவின் சேக்ரமெண்டோவிலும் சுவாமிநாராயண் கோயில்களின் மீது வெறுப்பு வாசகங்கள் எழுதப்பட்டன. இருபது வருடங்களுக்கு முன் யூத அமைப்புகள் கேட்டதை இன்று இந்துக் கோயில்களும் கேட்கின்றன.

2025-ல் கதை மீண்டும் தேதியிலேயே வந்து நின்றது. மார்ச்சில் ஃபீமா மானியப் பட்டுவாடாக்களை மறுஆய்வு என்று நிறுத்தி வைத்தது. ரீஇம்பர்ஸ்மெண்ட் முறையில் இதன் பொருள் என்னவென்று யோசியுங்கள். ஒப்புதலை நம்பி ஏற்கனவே கைக்காசைப் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். மே 21-ல் வாஷிங்டனில் யூத அருங்காட்சியகத்தின் வாசலில் இஸ்ரேல் தூதரக ஊழியர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, ஜூன் மாதத்தில், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட யூத அமைப்புகளுக்கு 9.4 கோடி டாலர் என்ற அறிவிப்பு வந்தது. அதே கோடையில் மானிய நிபந்தனைகளில் குடியேற்றச் சட்ட நடவடிக்கைகளுக்கு ஒத்துழைப்பது பற்றிய வாசகங்களும் சேர்ந்தன. அகதிகளுக்கு உதவுவதைத் தங்கள் மதக் கடமையாக நினைக்கும் சபைகள் சில, கதவுக்காக அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று கூடிக் கூடிப் பேசின. சிலர் இந்த முறை பணமே வேண்டாம் என்று விட்டுவிட்டு உறுப்பினர்களிடமே வசூலுக்குக் கிளம்பினார்கள்.